பழைய காருக்குப் புதுச் சௌகரியங்கள்: வீட்டம்மா கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

“ஏங்க, நம்ம வண்டியிலேயும் பட்டனைத் தட்டினா கண்ணாடி இறங்கற மாதிரி பண்ணிடலாமா? மடியிலே குழந்தையை வச்சுக்கிட்டு இந்தக் கைப்பிடியை எத்தனை தடவைதான் சுத்தறது?”

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எழாமல் இருக்காது. 1983 டிசம்பரில் வந்து, 2014-ல் தயாரிப்பு நின்றுபோன மாருதி 800 இன்றும் எத்தனையோ வாசல்களில் நிற்கிறது. அம்பாஸிடரைக் கண்ணும் கருத்துமாகத் துடைத்து வைத்திருக்கும் தாத்தாக்கள் உண்டு. ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ என்று பதினைந்து வருஷம் ஓடியும் நோய் நொடி இல்லாத வண்டிகள் எத்தனை! இன்ஜின் நன்றாக இருக்கிறது, கடனும் அடைந்துவிட்டது. புது வண்டிக்கு லட்சக்கணக்கில் போடுவானேன்? பவர் விண்டோ, ரிமோட் பூட்டு, பின்பக்கக் காமிரா, செல்போன் சார்ஜர் என்று நாலு சௌகரியங்களை இதிலேயே சேர்த்துக்கொண்டால் போதுமே என்று தோன்றுவது நியாயம்தான்.

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கடைக்காரர் அட்டைப் பெட்டியிலுள்ள படத்தைக் காட்டி, “எல்லாம் ரெண்டு மணி நேர வேலைம்மா” என்று சொல்லும்போது, நாம் இரண்டே இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

ஒன்று: இதற்குக் கரன்ட் எங்கேயிருந்து வருகிறது?

இரண்டு: இது வேலை செய்யும்போது என் குழந்தையின் கை எங்கே இருக்கும்?

இந்த இரண்டுக்கும் மனசுக்குத் திருப்தியான பதில் கிடைத்தால் அந்தச் சௌகரியம் நமக்கு வேண்டியது. கிடைக்காவிட்டால், எத்தனை மலிவாக வந்தாலும் வேண்டாதது.

இது ஆம்பளைங்க சமாச்சாரமா?

“கார் ஒயரிங்கெல்லாம் அவர் பார்த்துப்பார். எனக்கு என்ன தெரியும்?” என்று ஒதுங்கும் சகோதரிகளுக்கு ஒரு பழைய கதை. 1888 ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் உருவாக்கிய மோட்டார் வண்டியை, அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலேயே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கூடவே இரண்டு பையன்கள். போன இடம் எது தெரியுமா? அம்மா வீடு! மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டதாம். தொப்பியில் குத்தும் ஊசியால் நோண்டிச் சரிசெய்தாராம். மின்கம்பியின் உறை தேய்ந்து கரன்ட் கசிந்ததாம். காலுறையைக் கட்டும் பட்டியைக் கழற்றிக் கம்பியின் மேல் சுற்றினாராம். அந்த நாளிலேயே ஒரு தாய் செய்த ‘இன்சுலேஷன்’ வேலை அது!

மழையில் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பருக்கு 1903-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவரும் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணிதான். ஆக, காரின் சௌகரியங்களைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதோடு, பின் ஸீட்டில் குழந்தையோடு உட்காருகிறவர் நாம். அங்கே என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவரைவிட நமக்கே அதிகம் தெரியும்.

மாடித் தொட்டியும் கார் பாட்டரியும்

முதல் கேள்விக்கு வருவோம். கரன்ட் எங்கேயிருந்து வருகிறது?

காரின் பாட்டரியை நம் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி இருக்கிற உயரம்தான் வோல்ட். குழாயில் ஓடுகிற தண்ணீரின் அளவுதான் ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் என்ற சின்ன ஜெனரேட்டர், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது போல, பாட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டால் நிரப்புவது நின்றுபோகும், எடுப்பது மட்டும்தான்.

“பன்னிரண்டு வோல்ட்டுதானே, என்ன ஆயிடப்போறது?” என்று பலர் அலட்சியமாகச் சொல்வார்கள். ஷாக் அடிக்காது என்பது வாஸ்தவம். ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பு எடுப்பது சுமார் கால் ஆம்பியர். அதே 60 வாட்டுக்கு, காரின் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். ஏறக்குறைய 20 மடங்கு! தாழ்வான தொட்டியிலிருந்து அதே வேகத்தில் வாளி நிரம்ப வேண்டுமானால் பெரிய குழாய் வேண்டும் அல்லவா? அதேபோல் காரில் தடித்த ஒயர் வேண்டும். மெல்லிய ஒயரில் அவ்வளவு கரன்ட்டையும் ஓட விட்டால் ஒயர் சூடாகும், மேலுறை உருகும், பக்கத்தில் இருக்கும் பஞ்சும் பிளாஸ்டிக்கும் தீப்பிடிக்கும். பழைய கார் ஒயரிங்கில் உள்ள ஆபத்து ஷாக் அல்ல, நெருப்பு.

பழைய வண்டிக்கு இது இன்னும் முக்கியம். அதன் ஒயர்களும் பாட்டரியும், அது பிறந்த காலத்தில் இருந்த நாலு விளக்கு, ஒரு ஹாரன், ஒரு வைப்பர் இவற்றை மனசில் வைத்துச் செய்யப்பட்டவை. இன்றைக்கு நாம் சேர்க்க நினைப்பதெல்லாம் அதன் கணக்கிலேயே இல்லாதவை. போதாக்குறைக்கு வருஷக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்து, ஒயரின் உறை அப்பளம் மாதிரி நொறுங்கும் பதத்தில் இருக்கலாம்.

பியூஸ்: குக்கரின் சேஃப்டி வால்வ்

பிரஷர் குக்கர் மூடியில் வெயிட்டுக்குப் பக்கத்தில் சேஃப்டி வால்வ் இருக்கிறதே, அதன் உள்ளே சீக்கிரம் உருகும் உலோகம் வைத்திருப்பார்கள். ஆவி போக வழியில்லாமல் சூடு மிஞ்சினால் அது உருகி வழிவிடும், குக்கர் வெடிக்காது. காரில் அந்த வேலையைச் செய்வதுதான் பியூஸ். அளவுக்கு மேல் கரன்ட் போனால் தான் உருகி, ஒயரைக் காப்பாற்றும்.

“அடிக்கடி பியூஸ் போகுதுக்கா, அதான் பெரிசாப் போட்டுட்டேன்” என்று யாராவது சொன்னால், “சேஃப்டி வால்வ் அடிக்கடி போகுது, அதனால் அந்த ஓட்டையை நாணயம் வைத்து அடைத்துவிட்டேன்” என்று சொல்கிறார் என்று அர்த்தம். பியூஸ் போவது வியாதி அல்ல, வியாதியின் அறிகுறி. காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்போமா?

இப்போதுள்ள தட்டைப் பியூஸ்களுக்கு நிறம் உண்டு. வளையல் நிறம் மாதிரி மனசில் வைத்துக்கொள்ளலாம். இளம் பழுப்பு 5 ஆம்பியர், அடர் பழுப்பு ஏழரை, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமில்லாதது 25, பச்சை 30. சிவப்பு இருந்த இடத்தில் பச்சை உட்கார்ந்திருந்தால், “ஏன் தம்பி இப்படி?” என்று கேட்கலாம். அம்பாஸிடர் காலத்து வண்டிகளில் பியூஸின் வடிவம் வேறு, நியாயம் ஒன்றுதான்.

இன்னொரு சொல்லும் காதில் விழும்: ரிலே. பெரிய கேட்டைத் திறக்க வாட்ச்மேனிடம் சொல்கிறோம்; திறக்கும் பாரம் அவருடையது. அதேபோல் ஸ்விட்சில் துளிக் கரன்ட் மட்டும் போய் ரிலேக்குச் சொல்லும். பெரிய கரன்ட்டைப் பாட்டரியிலிருந்து நேராகக் கொண்டுபோவது ரிலே. ஸ்விட்ச் சூடாகாது. பழைய வண்டிகளில் ஹெட்லைட் கரன்ட் முழுவதும் ஸ்விட்ச் வழியாகவே சுற்றி வருவதால் வெளிச்சம் மங்கலாக இருப்பதுண்டு. ரிலேயும் நல்ல ஒயரும் போட்டாலே அதே பல்பு பளிச்சென்று எரியும்.

இனி, ஒவ்வொரு சௌகரியமாகப் பார்ப்போம்.

முதல் மரியாதை பின்பக்கக் காமிராவுக்கு

கையில் உள்ள பணத்துக்கு ஒன்றே ஒன்றுதான் சேர்க்க முடியும் என்றால், பின்பக்கக் காமிராவைச் சேருங்கள். தவழும் குழந்தையும், குனிந்து பந்தை எடுக்கும் குழந்தையும், ரிவர்ஸ் எடுப்பவரின் கண்ணாடியில் தெரியவே தெரியாது. வீட்டு வாசலில், நம் வீட்டு வண்டியாலேயே விபரீதம் நடக்கக்கூடிய இடம் அது. அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதுக் கார்களில் இந்தக் காமிரா கட்டாயம். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இது குடிக்கும் கரன்ட் மிகக் கொஞ்சம். ரிவர்ஸ் கியர் போட்டதும் எரியும் வெள்ளை விளக்கின் ஒயரிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். வெறும் சென்சார் மட்டும் என்றால், பம்பர் மட்டத்துக்குக் கீழே உள்ளதை அது கவனிக்காமல் போகலாம். காமிராவோடு சேர்ந்து இருப்பது நல்லது. ஆனால் எந்த மெஷினும் தாயின் கண்ணுக்கு ஈடில்லை. வண்டி எடுக்கும்போது குழந்தையின் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற வழக்கத்தைக் காமிரா வந்த பிறகும் விடாதீர்கள்.

சென்ட்ரல் லாக்: திறக்கவும் தெரிய வேண்டும்

ஒரு சாவியைத் திருப்பினால், அல்லது ரிமோட்டை அழுத்தினால், நாலு கதவும் பூட்டிக்கொள்ளும். கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நிற்கிறவர்களுக்கு வரப்பிரசாதம்தான். ஒவ்வொரு கதவுக்குள்ளும் பூட்டுக் கம்பியை இழுத்துத் தள்ளும் சின்ன மோட்டாரை வைத்து, எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் இணைப்பார்கள். ஒரு வினாடி வேலை என்பதால் பாட்டரிக்குப் பெரிய பாரம் இல்லை.

இங்கே முக்கியம் இரண்டாவது கேள்வி. குழந்தை அழக்கூடாது என்று சாவிக்கொத்தை விளையாடக் கொடுக்கிறோம். குழந்தையை ஸீட்டில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, டிக்கியில் பையை வைக்கப் பின்னால் போகிறோம். குழந்தை ரிமோட்டை அழுத்துகிறது. ‘டக்’! நாலு கதவும் பூட்டிக்கொண்டன. சாவியும் உள்ளே, குழந்தையும் உள்ளே, நாம் வெளியே!

வெளியே 35 டிகிரி வெயில் என்றால், மூடிய காரின் உள்ளே அரை மணிக்குள் 50 டிகிரியைத் தாண்டிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். ஆகவே சாவி விளையாட்டுச் சாமான் அல்ல. குழந்தை உள்ளே இருக்கும்போது சாவி நம் இடுப்பிலோ கைப்பையிலோ இருக்க வேண்டும். இரண்டாவது சாவி வீட்டில், எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்க வேண்டும்.

அப்படியும் மாட்டிக்கொண்டால்? மெக்கானிக் வரட்டும் என்று வெயிலில் காத்திருக்க வேண்டாம். 112-க்கோ 108-க்கோ போன் பண்ணச் சொல்லிவிட்டு, குழந்தைக்குத் தூரமாக இருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியை உடையுங்கள். கண்ணாடி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

கிட் வாங்குமுன் இதைக் கேளுங்கள்: “பாட்டரி செத்துப்போனா உள்ளேயிருந்து கையால திறக்க முடியுமா?” 2019 ஜூலைக்குப் பின் வந்த கார்களில் இப்படிக் கையால் திறக்கும் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும் என்று விதியே உண்டு. நம் பழைய வண்டியிலும் பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கதவையும் உள்ளேயிருந்து திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

பவர் விண்டோ: முன்னால் போதும்

எல்லோருக்கும் ஆசை இதன் மேல்தான். அதிக யோசனை வேண்டியதும் இதற்குத்தான்.

கண்ணாடியைத் தூக்கும் மோட்டார், ஓடும்போது சுமார் 5 முதல் 10 ஆம்பியர் வரை எடுக்கும். கண்ணாடி மேலே போய் முட்டிய பிறகும் ஸ்விட்சை அழுத்திக்கொண்டே இருந்தால் 20 ஆம்பியரையும் எட்டலாம். ஆகவே இதற்குத் தனி ஒயர், தனி பியூஸ், ரிலே மூன்றும் வேண்டும். சிகரெட் லைட்டர் ஒயரிலோ ரேடியோ ஒயரிலோ ஒட்டுப்போட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

குழந்தை விஷயம் அதைவிடப் பெரிது. புதிய கார்கள் பலவற்றில், நடுவில் ஏதாவது தட்டுப்பட்டால் கண்ணாடி தானே கீழே இறங்கிவிடும் ஏற்பாடு உண்டு. ஐரோப்பிய விதிப்படி, தானாக ஏறும் கண்ணாடி 100 நியூட்டனுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 10 கிலோ பாரத்துக்கு மேல் அழுத்துவதற்குள் திரும்பிவிட வேண்டும். கடையில் கிடைக்கும் மலிவான கிட்டுகளில் பெரும்பாலும் இந்த ஏற்பாடு இருக்காது. விரல் இருக்கிறதா, கழுத்து இருக்கிறதா என்று மோட்டாருக்குத் தெரியாது.

விபத்து எப்படி நடக்கிறது தெரியுமா? குழந்தை ஸீட்டில் முட்டிபோட்டு, தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்க்கும். முட்டி ஸ்விட்சின் மேல் படும். கண்ணாடி ஏறும். இப்படிப் பல உயிர்கள் போன பிறகு, அமெரிக்காவில் 2004-ல் ஸ்விட்சுக்கே விதி செய்தார்கள். அதன்படி வந்த ஸ்விட்சை விரலால் மேலே இழுத்தால்தான் கண்ணாடி ஏறும். முட்டியோ முழங்கையோ மேலே அழுந்தினால் ஏறாது. கிட் வாங்கும்போது இதைக் கவனியுங்கள். அழுத்தினால் ஏறும் ஸ்விட்ச் வேண்டாம். இழுத்தால் ஏறும் ஸ்விட்ச் கேளுங்கள்.

என் யோசனை இது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், முன் கதவு இரண்டுக்கு மட்டும் பவர் விண்டோ போதும். பின் கதவுகளில் பழைய கைப்பிடியே இருக்கட்டும். கைப்பிடியைச் சுற்றும் குழந்தையால் யார் கழுத்தையும் நெரிக்க முடியாது. மோட்டார் செலவும் பாதியாகக் குறையும். “நாலு கதவுக்கும் போட்டாத்தான் செட்டு” என்று வற்புறுத்தினால், பின் ஸ்விட்சுகளை முடக்கும் பூட்டு ஸ்விட்ச் டிரைவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சாவி போட்டிருந்தால் மட்டுமே ஜன்னல் வேலை செய்ய வேண்டும்.

பரீட்சை பார்க்க விரலை வைக்க வேண்டாம். ஒரு வெள்ளரிக்காயை ஜன்னலில் நீட்டிக் கண்ணாடியை ஏற்றிப் பாருங்கள். வெள்ளரிக்காய் படும் பாட்டைப் பார்த்தால், அப்புறம் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது!

மழைக் காலத்துக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் தண்ணீரில் மூழ்கியதைப் பார்த்தோம். தண்ணீர் புகுந்தால் ஜன்னல் மோட்டார் நின்றுபோகலாம். கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியல் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். முன் கண்ணாடியில் அடித்துப் பிரயோஜனமில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும்.

சார்ஜரும் சின்ன விளக்கும்

செல்போன் சார்ஜர் ஒன்றிரண்டு ஆம்பியரோடு நின்றுவிடும். பயமில்லை. ஆனால் அதே துளையில் கெட்டில், பால் சூடாக்கி, வீட்டுச் சாமான்களை ஓட்டும் இன்வர்ட்டர் இவற்றைச் செருக ஆரம்பித்தால் கதை வேறு. 120 வாட் கெட்டில் 10 ஆம்பியர் கேட்கும். கொதிநீர் வைத்திருக்கும் கெட்டில் ஓடுகிற வண்டியில் குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பதும் தப்பு. பிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப் போனால் பாட்டரிக்கும் நல்லது, பாப்பாவுக்கும் நல்லது.

சார்ஜர் சாவியோடு அணைய வேண்டும். எப்போதும் உயிரோடு இருக்கும் ஒயரில் கொடுத்தால், வண்டி நிற்கும்போதும் தொட்டி கசியும். 35 ஆம்பியர்-மணி பாட்டரியிலிருந்து ஓயாமல் 0.2 ஆம்பியர் கசிந்தால் 175 மணி நேரத்தில், அதாவது ஏழு நாளில், சுத்தமாகக் காலி. பாதி காலியானாலே பழைய வண்டி ஸ்டார்ட் ஆகத் தகராறு பண்ணும். ஊருக்குப் போய் நாலைந்து நாள் கழித்து வந்து பார்த்தால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும்தான் கேட்கும்!

பின் ஸீட்டின் மேல் சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். செலவும் குறைவு, கரன்ட்டும் குறைவு. இரவுப் பயணத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்க, ஈரத்துணி மாற்ற, கீழே விழுந்த நிப்பிளைத் தேட எத்தனை உதவி!

இவை வேண்டவே வேண்டாம்

வீட்டுக்குள்ளிருந்தே பட்டனைத் தட்டி வண்டியை ஸ்டார்ட் செய்யும் கிட், கையால் கியர் போடும் பழைய வண்டிக்கு ஆகாது. கியரில் நிறுத்தியிருந்தால் வண்டி தானே பாயும். முன்னால் யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. மூடிய ஷெட்டில் இன்ஜின் ஓடினால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். அதுவும் உயிரைக் குடிக்கும் விஷம்.

60/55 வாட் இருக்க வேண்டிய ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்பு வேண்டாம். ஹோல்டர் உருகும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசும்.

ஏர்பேக் உள்ள வண்டியானால், மஞ்சள் உறை போட்ட ஒயர்களை யாரும் தொடக்கூடாது. ஏர்பேக்கின் ஒயர்களை அந்த நிறத்தில்தான் வைப்பது வழக்கம்.

ஒர்க்‌ஷாப்பில் பேசுவது எப்படி?

பயப்படாமல் பேசுங்கள். இப்படி:

“தம்பி, இதுக்குக் கரன்ட் எங்கேருந்து எடுக்கப் போறீங்க?”

“பாட்டரியிலேருந்து நேராதான்க்கா.”

“பியூஸ் எங்கே வரும்?”

“ஸ்விட்சுக்குப் பக்கத்திலே வச்சுடறேன்.”

“பாட்டரிக்குப் பக்கத்திலே, ஒரு சாண் தூரத்துக்குள்ளே வையுங்க. நடுவிலே ஒயர் உரசினாலும் பியூஸ் காப்பாத்தணும் இல்லையா?”

இந்த ஒரு வாக்கியம் போதும். விஷயம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று அந்தத் தம்பிக்குப் புரிந்துவிடும். மேற்கொண்டு இவற்றையும் சொல்லுங்கள்:

• வேலை தொடங்குமுன் பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். கடைசியில்தான் மாட்ட வேண்டும்.

• ஒயரை முறுக்கி, மேலே டேப் ஒட்டி விடக்கூடாது. நம் வெயிலில் டேப்பின் பசை இளகி நழுவிவிடும். சால்டர் வைத்தோ, கிளிப் போட்டு இறுக்கியோ, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் மாட்ட வேண்டும்.

• தகரத்தில் ஓட்டை போட்டு ஒயர் நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். கதவு மடங்கும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் ஒயர் போக வேண்டும். இல்லையென்றால் கதவைத் திறந்து மூட மூட, தகர விளிம்பு ஒயரை அறுத்துவிடும்.

• எந்த பியூஸ் எதற்கு என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கி, பியூஸ் பெட்டி மூடியில் ஒட்டுங்கள்.

• ரசீது வாங்குங்கள். என்ன சேர்த்தீர்கள் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு ஒன்றென்றால் தகராறு வராது.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரம் மூக்கைத் தீட்டிக்கொள்ளுங்கள். அடுப்பில் பால் அடிப்பிடிக்கிறதைக் கூடத்திலிருந்தே கண்டுபிடிக்கிற மூக்கு நம்முடையது! அதை இங்கே உபயோகியுங்கள். ரப்பர் கருகும் வாசனை, ஸ்விட்சைத் தொட்டால் சூடு, ஜன்னலை ஏற்றும்போது ஹெட்லைட் ரொம்ப மங்குவது, பியூஸ் இரண்டு தடவை போவது ஆகிய எதுவானாலும் உடனே வண்டியைக் காட்டுங்கள். நாள் கடத்த வேண்டாம்.

ஓடும்போது புகை வந்தால் ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, முதலில் குழந்தைகளை இறக்கித் தூரமாகக் கொண்டு போங்கள். பானட்டைத் திறந்து பார்க்க வேண்டாம். காற்றுப் பட்டால் தீ குபீரென்று எழும். பையும் செல்போனும் உள்ளே இருந்தால் இருக்கட்டும். உதவிக்கு யாரிடமாவது சொல்லி 101-ஐயோ 112-ஐயோ கூப்பிடலாம். ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் ஒன்று முன் ஸீட்டுக்குக் கீழே இருப்பது நல்லது.

நாமே பாட்டரியைத் துடைக்கவோ தண்ணீர் பார்க்கவோ போனால், கையில் வளையலும் மோதிரமும் வேண்டாம். கழுத்துச் சங்கிலியைப் புடவைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பாட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே வளையல் பட்டுவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாய்ந்து, கண் சிமிட்டும் நேரத்தில் பழுக்கக் காய்ந்துவிடும். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும்; குழாய்த் தண்ணீர் கூடாது.

எலித் தொல்லை உள்ள வீடானால், மாதம் ஒருமுறை பானட்டைத் திறந்து ஒயர்களைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். எலி கடித்த ஒயரும் உரசின ஒயரும் செய்வது ஒரே காரியம்தான்.

பழைய வண்டிதானே என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். பதிவு செய்த 15 வருஷம் முடிந்து, பரீட்சை தேறி, இன்னொரு ஐந்து வருஷத்துக்கு உத்தரவு வாங்கி ஓடுகிற வண்டிகள் நம் தெருவில் எத்தனையோ. அவை இன்னும் உழைக்கும். காமிராவும், நல்ல வெளிச்சமும், ஒழுங்கான பூட்டும் கொடுத்தால் நமக்கும் சந்தோஷம். ஆனால் பட்டியலைக் கடைக்காரர் போட விடாதீர்கள். ஒரு தாளில் நீங்களே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம் போடுங்கள்: கரன்ட் எங்கேயிருந்து? குழந்தையின் கை எங்கே? இரண்டு கட்டமும் நிரம்பிய சௌகரியம் மட்டும் வண்டியில் ஏறட்டும்.